வெளிநடப்புக்குப் பின்

நாடாளுமன்ற உறுப்பினர் குஞ்சிதபாதம் நன்றாகப் பேசுவார். அதை அவருடைய எதிரிகளே ஒத்துக்கொள்வார்கள். மக்களவையில் அவர் எழுந்தால் தூங்குகிறவர்களும் விழித்துக்கொள்வார்கள். அவர் பேசி முடித்த கொஞ்ச நேரத்தில் அந்தப் பேச்சு தொகுதியில் எல்லார் செல்போனிலும் ஓடும், பின்னணி இசையோடு.

அவருக்கு ஒரு குரு உண்டு. கோடியூர் உப்பளங்களை ஒட்டிய சிறிய மடத்தில் இருக்கும் தையல்நாயகி அம்மை. வயதில் அவரைவிட இளையவர். மனைவியை இழந்த வருஷம் எங்கே போவது என்று தெரியாமல் அந்த மடத்துக்கு வந்தவர், அம்மையின் சீடராகிவிட்டார். டெல்லியிலிருந்து வரும்போதெல்லாம் வீட்டுக்குப் போகும் முன் மடத்துக்குத்தான் வருவார்.

அந்தச் சனிக்கிழமை வந்தபோது முகத்தில் ஒரே உற்சாகம். திங்கட்கிழமை உப்பள மசோதா வாக்கெடுப்புக்கு வருகிறது. நிறைவேறினால் கடலோர உப்பளங்கள் பெரிய கம்பெனிகளுக்குக் குத்தகைக்குப் போய்விடும். கோடியூரில் பரம்பரையாக உப்பு வாரும் குடும்பங்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"அம்மா, பேச்சு தயார். முடிக்கிறதுக்கு மட்டும் நல்லதா நாலு வார்த்தை வேணும். நீங்க சொன்னா எடுபடும்."

"முடிச்சதும் என்ன செய்வீங்க?"

"கட்சியோட சேர்ந்து வெளிநடப்பு. மத்த எதிர்க்கட்சிகளும் அப்படித்தான்."

"அப்புறம்?"

"வெளியில நிருபருங்க நிப்பாங்க. அங்க ஒரு பேட்டி."

"உள்ள?"

"உள்ள குரல் வாக்கெடுப்பு நடக்கும். ஆதரிக்கிறவங்க 'ஆம்'னு கத்துவாங்க. 'இல்லை'ன்னு சொல்ல ஆள் இருக்காது. மசோதா நிறைவேறிடும்."

சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் நெளிந்தார்.

"உப்பளத்துக்காக நானே ஒரு மசோதா கொண்டாந்தேன்மா. தனிநபர் மசோதா. போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அறிமுகம் பண்ணேன்."

"அது என்ன ஆச்சு?"

"அறிமுகம் ஆச்சு. அதோட சரி."

அம்மை சிரிக்கவில்லை. என்னைக் கேட்டால் அது சிரிக்க வேண்டிய இடம்தான்.

"வெளிய போகாம உள்ளயே இருந்தா?"

"கொறடா உத்தரவு போட்டிருக்காங்க. மீறினா பதவியே போயிடலாம். மேலிடத்துல ஆளுங்கட்சியோட பேசி முடிச்சிட்டாங்க. எதிர்த்த மாதிரியும் இருக்கணும், கெடுத்த மாதிரியும் இருக்கக் கூடாது. அப்படியே நான் ஒருத்தன் உக்காந்திருந்தாலும் மசோதா நிக்கப் போறதில்ல."

"ஒருத்தரால எதுவுமே முடியாதா?"

குஞ்சிதபாதம் யோசித்தார். "டிவிஷன் கேக்கலாம். குரல் போதாது, ஒவ்வொருத்தரும் பொத்தானை அமுக்கணும்னு. அப்ப யார் எதுக்குப் போட்டாங்கன்னு பேரோட பதிவாயிடும். ஆளுங்கட்சியிலயும் கடலோர மெம்பருங்க இருக்காங்க. ஊர்ல போயி எதிர்க்கிறோம்னு சத்தியம் பண்ணிட்டு வந்தவங்க. அவங்க பாடு திண்டாட்டம்தான். ஆனா அதனால என்ன? மசோதா நிறைவேறத்தான் செய்யும்."

பிறகு அவரே கேட்டார்.

"நான் செய்யிறது சரியா, தப்பா? நீங்களே சொல்லுங்கம்மா."

"சாப்பிட்டுட்டுக் கூடத்துக்கு வாங்க" என்றார் அம்மை.

குஞ்சிதபாதம் போனபோது கூடம் நிறைந்திருந்தது. உப்பளத்து ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். கால்களில் உப்பு வெளுத்திருந்தது. முன்வரிசையில் அஞ்சம்மாள், கோடியூரில் சங்கம் நடத்துகிறவள். குஞ்சிதபாதத்துக்கு ஒரு நாற்காலி போட்டு அவர்களைப் பார்க்க உட்காரவைத்தார்கள்.

அம்மை எழுந்து நின்றார். பேச ஆரம்பித்தார். அவர் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. ஓட்டுக் கேட்டு வந்தபோது என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். உப்புப் பாத்தியில் வெயிலில் நின்று நின்று கண் மங்கிப்போனவர்களின் பெயரைச் சொன்னார். இந்த மக்களுக்கு வேறு தொழில் தெரியுமா, வேறு இடம் உண்டா என்று கேட்டார். பூசி மெழுகவில்லை. குஞ்சிதபாதத்துக்கு முகம் சிவந்தது. அவமானமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது.

"திங்கட்கிழமை என்ன செய்யப் போறீங்க? இவங்களுக்குப் பதில் சொல்லுங்க."

அவர் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"எங்க எதிர்ப்பைத் தெரிவிச்சுக்கிறோம்" என்றார் அம்மை. திரும்பி வாசலைப் பார்த்து நடந்தார். அஞ்சம்மாள் எழுந்தாள். பின்னாலேயே கூடம் முழுவதும் எழுந்து போய்விட்டது.

குஞ்சிதபாதம் காலிக் கூடத்தில் நின்றார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. "அன்பார்ந்த..." என்று வாய் பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அப்புறம் உட்கார்ந்தார்.

வெளியே புன்னை மரத்தடியில் எல்லாரும் மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று வந்தார்.

"பதில் சொல்ல வாயைத் தொறக்கிறேன், எல்லாரும் எந்திரிச்சுப் போனா என்னம்மா அர்த்தம்?"

"என்ன பதில் சொல்ல இருந்தீங்க?"

அவர் பிடித்திருந்த வேட்டியைக் கீழே விட்டார்.

"சரி, ஆள் இல்லாத கூடத்துல எப்படி இருந்துச்சு?"

குஞ்சிதபாதம் அரசியல்வாதிதான். ஆனால் அம்மையிடம் பொய் சொன்னதில்லை.

"முதல்ல கோபமா இருந்துச்சு. அப்புறம்..." தயங்கினார். "அப்புறம் நிம்மதியா இருந்துச்சும்மா. அப்பாடா, பதில் சொல்ல வேண்டியதில்லன்னு."

"நீங்க எந்திரிச்சுப் போனதும் மந்திரிக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றார் அம்மை. அவர் கையிலும் ஒரு டம்ளர் மோரைக் கொடுத்தார்.

திங்கட்கிழமை அவர் பேசினார். வழக்கம்போல அவை விழித்துக்கொண்டது. பேச்சை முடிக்க நல்ல வார்த்தை எதுவும் அகப்படவில்லை. "அவ்வளவுதான்" என்று சொல்லி முடித்தார். அவருடைய கட்சிக்காரர்களும் மற்ற எதிர்க்கட்சிகளும் கோஷம் போட்டபடி எழுந்தார்கள். வரிசையாக வெளியேறினார்கள். கொறடா வாசலில் நின்று திரும்பிப் பார்த்து, வா என்று கையை ஆட்டினார்.

குஞ்சிதபாதம் உட்கார்ந்திருந்தார். இரண்டு கால்களையும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டார். மேஜைக்கு அடியில் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

சபாநாயகர் மசோதாவை வாக்கெடுப்புக்கு விட்டார். ஆளுங்கட்சி வரிசைகள் "ஆம்" என்று முழங்கின. அந்த வரிசைகளில் யார் வாய் அசைந்தது, யார் வாய் அசையவில்லை என்று கடவுளுக்குத்தான் தெரியும். மறுப்பவர் உண்டா என்று சபாநாயகர் சம்பிரதாயமாகக் கேட்டார்.

"இல்லை" என்று ஒரு குரல் கேட்டது. "டிவிஷன் வேண்டும்."

மந்திரி திரும்பிப் பார்த்தார். யாரோ உச்சுக்கொட்டினார்கள். ஒருத்தருக்காக ஏன் நேரத்தை வீணாக்க வேண்டும் என்று ஒரு குரல் எழுந்தது. குஞ்சிதபாதம் உட்காரவே இல்லை. மறுபடியும் கேட்டார், மறுபடியும் கேட்டார். கடைசியில் சபாநாயகர் ஒப்புக்கொண்டார்.

மணி அடித்தது. வெளியே இருக்கிறவர்கள் உள்ளே வரட்டும் என்றுதான் அந்த மணி. அது வளாகம் முழுக்கக் கேட்கும். பேட்டி கொடுத்துக்கொண்டிருந்த கட்சிக்காரர்களுக்கும் கேட்டிருக்கும். ஒருவரும் திரும்பவில்லை. கதவுகளைச் சாத்தினார்கள். ஆளுங்கட்சியின் கடலோர உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒருவர் மெல்ல எழுந்து கதவுவரை போய், சாத்தியிருந்ததைப் பார்த்துத் திரும்பி வந்தார். எல்லாரும் பொத்தானை அமுக்கினார்கள். அந்தக் கடலோர உறுப்பினர்களும் 'ஆம்' என்றே அமுக்கினார்கள்.

மசோதா நிறைவேறியது. எதிர்த்து விழுந்தது ஒரே ஓட்டு.

யார் எதற்கு ஓட்டுப் போட்டார்கள் என்று மறுநாள் பேப்பர்களில் பெயர்கள் வந்தன. குஞ்சிதபாதத்தின் பதவியைப் பறிக்கச் சொல்லிக் கட்சியே சபாநாயகருக்கு எழுதியது. வழக்கமாக ரயிலடியில் மாலையோடு நிற்கிறவர்கள் இந்தமுறை வரவில்லை. அவர் தனியாக ஆட்டோ பிடித்து மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

அம்மையோடு அஞ்சம்மாள் பேசிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்தாள்.

"ஐயா, எங்க அக்காவைப் பக்கத்துத் தொகுதியில கட்டிக்குடுத்திருக்கு. அவங்க மெம்பர் போன மாசம் உப்பளத்துக்கே வந்து, என் உசிரு இருக்கிறவரைக்கும் விடமாட்டேன்னாரு. இப்ப பேப்பர்ல பாத்தா 'ஆம்'னு அமுக்கியிருக்காரு. அக்கா ஊரு மொத்தமும் இப்ப அவரு வீட்டு வாசல்லதான் உக்காந்திருக்கு. எங்கள்ல பாதிப்பேரும் அங்கதான். நானும் கெளம்பிட்டேன்."

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். வேலைக்குப் போகிற வேகம்தான் அந்த நடையிலும் இருந்தது.

குஞ்சிதபாதம் உட்கார்ந்தார். அவர் மனம் ஆறவில்லை. கண்கூட லேசாகக் கலங்கியிருந்தது.

"அம்மா, வெளிய போனப்பல்லாம் மாலை போட்டாங்க. உள்ள உக்காந்தேன், பதவி போகப் போவுது. போனாப் போகட்டும். ஆனா மசோதா நிறைவேறிடுச்சே! நான் உள்ள இருந்தும் இந்த ஜனங்க தோத்தது தோத்ததுதானே. என்ன மாறிச்சு?"

"இவ்வளவு நாளும் யார்கிட்ட தோக்கிறோம்னு தெரியாமலே தோத்துக்கிட்டிருந்தாங்க" என்றார் அம்மை. "இந்தத் தடவை தெரிஞ்சிடுச்சு."