தவிட்டுக்குருவிகள் ஓயாமல் பேசுவது ஏன்

இந்தக் கதை எனக்கு நேராகக் கிடைத்ததல்ல. பாலர் பள்ளியில் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி சொன்னாள். அவளுக்கும் யாரோ சொன்னதுதான். கேட்டபடி எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில், பறவைக்கும் விலங்குக்கும் ஒரே பேச்சு இருந்தபோது, தவிட்டுக்குருவிகள் வாயைத் திறப்பதே அபூர்வம். கூட்டமாக இறங்கிச் சருகைப் புரட்டிப் பூச்சி தேடுவார்கள். ஒருத்தி மட்டும் கிளையில் காவல் இருப்பாள். வல்லூறு வந்தால் ஒரே ஒரு குரல். அவ்வளவுதான்.

அவர்கள் மேயும் அத்திமரத்தடிக்கு ஓர் அணில் குட்டியும் வருவான். அவன் வந்ததும் பெரியவர்கள் சத்தமில்லாமல் நகர்ந்துவிடுவார்கள். அவன் கடித்துப் போட்ட பழத்தைத் தொடமாட்டார்கள்.

செவந்தி என்ற தாய்க்குருவியிடம் அவள் குஞ்சு கொழுந்து கேட்டான்.

“அம்மா, அணில் வந்தா நாம ஏன் தள்ளிப் போறோம்?”

“ச்சூ! மெதுவா பேசு. அதுக்குக் காதுல விழப்போகுது.”

“பெரியம்மா, நீங்களாவது சொல்லுங்க.”

பெரியம்மா சருகைப் புரட்டுவதில் மும்முரமானாள்.

செவந்திக்கு உள்ளூரப் பயம். ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டால்? சின்னப் பிள்ளைதானே, மறந்துவிடுவான் என்று இருந்துவிட்டாள்.

அவன் மறக்கவில்லை. பெரியவர்கள் வாயால் சொல்லவே கூசுகிற ஏதோ ஒன்று அணிலிடம் இருக்கிறது என்று முடிவுகட்டி, மற்றக் குஞ்சுகளிடமும் சொன்னான். மறுநாள் அணில் குட்டி நிழலில் வந்து உட்கார்ந்ததும் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள்.

“ஏய் எச்சிப் பல்லா, அந்தப் பக்கம் போடா!”

“நான் என்னடா பண்ணேன்?”

கொழுந்துக்குப் பதில் தெரியவில்லை. அதனால் கொத்தினான். அணில் குட்டி மரத்தடியை விட்டு ஓடி, வெட்டவெளியில் போய் நின்றான்.

அன்று காவல் செவந்தி. மேலே வல்லூறு வட்டமிட்டது. மற்றக் குருவிகள் எல்லாரும் மரத்தடிப் புதரில் பத்திரமாக இருந்தார்கள். வல்லூறின் பார்வை அணில் குட்டிமேல்தான். தம் கூட்டத்துக்கு ஆபத்தென்றால் மட்டுமே குரல் கொடுப்பது வழக்கம். கொடுத்தால் வல்லூறு அவள் பக்கம் திரும்பவும் கூடும்.

புதரிலிருந்து பக்கத்துக் கிளைக்கு ஏறி வந்த கொழுந்து கிசுகிசுத்தான்.

“பேசாம இரும்மா. அது நம்மாளு இல்லையே.”

“யாருடா சொன்னது?”

“நீதான்.”

“நான் எப்படா சொன்னேன்?”

“நீ ஒண்ணும் சொல்லலையே. அதுலதான் தெரிஞ்சுச்சு.”

செவந்தி கத்தினாள். ஒரு குரலோடு நிற்கவில்லை. கத்திக்கொண்டே வெட்டவெளிக்குப் பறந்தாள். என்னவோ ஏதோ என்று பெரியம்மாவும் மற்றவர்களும் கத்தியபடி பின்னால் பறந்தார்கள். அந்தக் கூச்சலில் வல்லூறு தடுமாறி விலகியது. அணில் குட்டி வேலிக்குள் பாய்ந்தான்.

செவந்திக்கு மூச்சு வாங்கியது.

“கேளுடா. அவன் ஒண்ணுமே பண்ணலை. எங்கம்மா தள்ளிப் போனா, நானும் போனேன். வேற காரணம் கிடையாது. அதைச் சொல்ல வெட்கமா இருந்துச்சு.”

“அப்ப நான் கொத்துனது?”

“தப்பு.”

“நீ தள்ளிப் போனது?”

“அதுவும் தப்புதான்.”

“பெரியம்மா?”

“என்னைக் கேளேன், நானே சொல்றேன்” என்று பெரியம்மா இறங்கி வந்தாள். மற்றக் குஞ்சுகளும் ஆளுக்கொரு கேள்வியோடு வந்தார்கள். பெரியவர்கள் பதில் சொன்னார்கள், திணறினார்கள், ஒருவரை ஒருவர் மறுத்தார்கள். பொழுது சாய்ந்தும் பேச்சு ஓயவில்லை.

அன்று முதல்தான் தவிட்டுக்குருவிகள், பிள்ளைகள் கேட்டதைப் பதிலில்லாமல் விட்டுவிடக்கூடாது என்று, விடிந்தது முதல் அடையும்வரை கூடிக்கூடிப் பேசுகின்றன.

பிறகு ஒன்றை மட்டும் சரிபார்த்தேன். தவிட்டுக்குருவிகள் மேயும் இடத்தில் அணில்களும் சேர்ந்து மேய்வது உண்டு.