முன்வரிசை நாற்காலி

அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில், உச்சிவேளை ஆட்டத்தில் செண்பகவள்ளி தலையில் கரகத்தோடு ஆடிக்கொண்டிருந்தாள். முன்வரிசை நாற்காலியிலிருந்து எழுந்த ஊர்த்தலைவர் அழகுராசா, நூறு ரூபாய் நோட்டும் ஊக்குமாகக் களத்துக்குள் வந்துவிட்டார்.

"உன் சட்டையில நானே குத்திவிடுவேன். முடியாதுன்னா மேளத்தைக் கட்டிக்கிட்டு ஊரைப் பாத்துப் போங்க."

அந்த மாதத்தில் அவளுடைய கரகாட்டக் குழுவுக்குக் கிடைத்த ஒரே ஆட்டம் அது. செண்பகவள்ளி முகம் சுளிக்கவில்லை.

"அதுக்கென்னய்யா. ஆனா களத்துக்குள்ள வந்தவங்க ஆடாமத் திரும்பினா அம்மனுக்கு ஆகாது" என்று கரகத்தை இறக்கி அவர் தலையில் வைத்தாள். ஊர் முன்னால் அம்மன் பேரைச் சொன்னபிறகு அவர் எப்படி மறுப்பார்? தவில்காரர் வேகத்தைக் கூட்டினார். தலைவர் இரண்டு கையாலும் கரகத்தைப் பிடித்துக்கொண்டு தத்தக்கா பித்தக்கா என்று ஆடினார். நோட்டு எங்கே விழுந்ததென்று அவருக்கே தெரியாது. அதுவரை அவளைப் படம் பிடித்த செல்போன்கள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின.

செண்பகவள்ளி அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் வைத்த கையை எடுக்காமல் பார்த்தாள். மேளம் நின்றதும் கைதட்டினாள்.

"என்ன, சட்டமா உக்காந்திருக்க?" என்றார் தலைவர், மூச்சு வாங்க.

"ஆட்டம் பாக்க வந்தவங்க இப்படித்தானய்யா பாக்கணும்? உங்களை யாராச்சும் தொட்டாங்களா?"

எழுந்து கரகத்தை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, நாற்காலியை அவருக்கு விட்டாள். ஆட்டம் முடியும்வரை தலைவர் அதைவிட்டு எழவில்லை.