அரசன் பார்த்திராத முதுகு

முன்னொரு காலத்தில், உப்பங்கழிகள் சூழ்ந்த நாடொன்றைக் கேதுவர்மன் என்னும் அரசன் ஆண்டுவந்தான். அரசனுக்கு எவரும் முதுகு காட்டலாகாது என்பது அந்நாட்டு வழக்கம். விடைபெறுவோர் முகம் மலர, பின்னோக்கியே நடந்து வாயிலைக் கடப்பர். உலாவச் சென்றாலும் அவனே முதலில் நடப்பான். அவன் முன்னே வெறும் பாதைதான் கிடக்கும். அவன் எதைச் சொன்னாலும் அரசவை ஆமெனத் தலையசைக்கும். "இல்லை, அரசே" என்று சொல்பவர் அமைச்சர் ஆவுடையார் ஒருவரே. அந்த 'இல்லை'யைக் கேட்பதற்கென்றே அரசன் நாள்தோறும் எதையாவது தவறாகச் சொல்லிவைப்பான்.

பிற்காலத்தில் ஊர்களை ஆளப்போகும் இளைஞருக்கென அவன் ஒரு கல்லூரி தொடங்கியிருந்தான். தலைமையை அங்கே எவ்வாறு கற்பிப்பது என்று அவையில் பேச்செழுந்தது.

"கற்பிக்க என்ன இருக்கிறது? தலைவன் முன்னே நின்று கட்டளையிடுவான், மற்றவர் பணிவர்," என்றார் வில்லவராயர். அமைச்சர் பதவியின்மேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்தவர் அவர்.

"போர்முனையில் அது சரி," என்றார் ஆவுடையார். "வரி விதிக்கும்போது பலரையும் கேட்டு முடிவெடுப்பதே தலைமை. தமக்குத் தெரியாத இடத்தில், தெரிந்தவரை முன்னே விட்டுப் பின்னே செல்வதும் தலைமைதான்."

"பின்னே வருபவருக்கு மகுடம் எதற்கு? அதையும் முன்னே போகிறவர் தலையில் வைத்துவிடலாமே."

அவை சிரித்தது. அரசனுக்கும் விளையாட்டுப் புத்தி வந்தது. "நாளை ஆளுக்கொரு பாடம் நடத்துங்கள். தோற்றவர் அவையை விட்டு நீங்கவேண்டும்."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. ஆவுடையார் தோற்றால் 'இல்லை' சொல்ல யார் இருப்பார்? ஆனால் அரசன் சொல்லைத் திரும்பப் பெறும் வழக்கமும் அந்நாட்டில் இல்லை.

மறுநாள் வில்லவராயர் கல்லூரி முற்றத்தில் நின்று "எழு" என்றார், "அமர்" என்றார். மாணவர் ஓருடலாய் எழுந்து அமர்ந்தனர். அவை வியந்தது.

ஆவுடையார் எல்லோரையும் கழிக்கரைக்கு அழைத்துச் சென்றார். "என் பாடம் எதிர்க்கரையில். இடையே சேறு. இந்தக் கரையிலே பிறந்து வளர்ந்த வில்லவராயருக்கு மட்டுமே காலூன்றும் தடம் தெரியும்."

வில்லவராயர் பெருமையுடன் இறங்கினார். ஆனால் முதுகு காட்டலாகாதே. அரசனைப் பார்த்துக் கைகூப்பியவாறு பின்னோக்கி நடந்தவர், தடம் தவறி இடுப்பளவு சேற்றில் புதைந்தார்.

"கட்டளையிடும், வில்லவராயரே," என்றார் ஆவுடையார். "மாணவர் பணிந்தனர்; சேறும் பணிகிறதா பார்ப்போம்."

மாணவர் சிரித்தனர். அரசன் சிரிக்கவில்லை. குனிந்து, தன் கையாலேயே அவரை இழுத்து நிறுத்தினான்.

"திரும்பி நடவும். நான் பின்னே வருகிறேன்."

"முதுகு காட்டுவதா, அரசே?"

"காட்டும். எனக்குத் தடம் தெரியாது."

வாழ்வில் முதன்முறையாக அரசன் ஒரு மனிதரின் முதுகைப் பார்த்தான். அது வியர்த்து, சற்றே கூனியிருந்தது. வில்லவராயருக்கு இத்தனை வயதாகிவிட்டதா?

எதிர்க்கரை ஏறியதும் ஒரு மாணவன், "பாடம் எங்கே, ஐயா?" என்றான்.

"நடந்து முடிந்தது," என்றார் ஆவுடையார்.

வில்லவராயர் தலைகுனிந்தார். "நீர் அவையை விட்டு நீங்கும்," என்றான் அரசன், "கல்லூரிக்கு வாரும். திரும்பி நடந்த கதையை நீரே மாணவருக்குச் சொல்லும்." பிறகு தன் முத்துமாலையை அமைச்சருக்கு அணிவித்து, முதுகு காட்டலாகாது என்னும் வழக்கத்தையும் அன்றே ஒழித்தான்.

மாலையில் ஆவுடையார் விடைபெற்று, திரும்பி நடந்தார். இதுவரை எல்லோரும் சிரித்த முகத்தோடு சென்றதால், அவர்கள் தன்னை விட்டுப் போகிறார்கள் என்பதே அரசனுக்குத் தோன்றியதில்லை. அந்த முதுகு வாயிலைத் தாண்டி மறையும்வரை பார்த்திருந்தான். பிறகு, நாளை எதைத் தவறாகச் சொல்லலாம் என்று யோசிக்கத் தொடங்கினான்.