திவான் ஆசனம் வைத்த இரும்பு

பூவாணி சமஸ்தான அரண்மனைக்கு மின்விளக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் மின்சாரம் தரும் இயந்திரம் படுத்துவிட்டது. இளவரசி கல்யாணத்துக்கோ இன்னும் பத்தே நாள். இயந்திர மேஸ்திரி தாண்டவராயன் அதன் உள்ளே சுழலும் இரும்பு உருளையைப் புதிதாகச் செய்து சபைக்குக் கொண்டுவந்தான்.

சமஸ்தானத்தின் ஏழு இலாகாவையும் தன் கையிலேயே வைத்திருந்த திவான் சிங்காரவேலர் குனிந்து பார்த்தார். துள்ளினார்.

“மோசடி, மகாராஜா! இது இரும்பா, அப்பளக் கட்டா? நானூறு மெல்லிய தகட்டை அடுக்கி, நடுநடுவே வார்னிஷ் பூசியிருக்கிறான். ராஜாவுக்கு ஒட்டுப்போட்ட சாமானா? ஒரே இரும்பாக வார்க்கச் சொல்லுங்கள்.”

ராஜாவின் மீசை துடித்தது. “என்னடா தாண்டவா?”

“ஒரே இரும்பாக இருந்தால் சுழலச் சுழலக் கொதிக்கும், மகாராஜா. அதில் சுற்றிய கம்பியெல்லாம் கருகும். கல்யாணம் இருட்டில்தான் நடக்கும்.”

“புளுகு! பந்தயம்! ஒரே இரும்பு உருளைமேல் என் ஆசனத்தையே வைக்கிறேன். இவன் தோற்றால் மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றி அனுப்புங்கள்.”

தாண்டவராயன் கும்பிட்டான். “சம்மதம், மகாராஜா. திவான் சொன்னது சொன்னபடி நடக்கட்டும்.”

நான்காம் நாள் இரண்டு உருளைகள் தயார். ஒன்று தகடு, ஒன்று ஒரே இரும்பு. இரண்டையும் காந்தங்களுக்கு நடுவே அரைமணி நேரம் சுழலவிட்டு, சபை நடுவில் இறக்கினார்கள்.

“உத்தரவு, மகாராஜா” என்று தாண்டவராயன் தகட்டு உருளைமேல் சாவகாசமாக உட்கார்ந்தான். “உங்கள் முறை, திவான் அவர்களே.”

“என்ன முறை?”

“உருளைமேல் ஆசனத்தை வைக்கிறேன் என்றீர்களே. வையுங்கள்.”

“நான் சொன்னது பதவியை!”

“சபை கேட்டது ஆசனத்தை” என்றார் ராஜா. “வையும்.”

திவான் பட்டு வேட்டியைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் போட்ட அலறலில் லாயத்துக் குதிரைகள் கட்டறுத்தன. அடுத்த நொடி அவர் அரண்மனைக் குளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார்.

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “எப்படியடா இது?”

“ஒரே இரும்பென்றால் மின்சாரம் அதற்குள்ளேயே வெட்டியாக வட்டமடிக்கும், மகாராஜா. வேலை நடக்காது, சூடுதான் ஏறும். தகடு தகடாகப் பிரித்து நடுவே வார்னிஷ் பூசினால் அந்தச் சுற்றலுக்கு வழியில்லை.”

ராஜா யோசித்தார். “ஏழு இலாகாவையும் ஒரே ஆளிடம் கொடுத்தாலும் அப்படித்தானோ?”

“அதை நான் எப்படிச் சொல்வது, மகாராஜா? உட்கார்ந்து பார்த்தவர் குளத்தில் நிற்கிறார். அவரையே கேளுங்கள்.”

ராஜா சிரித்த சிரிப்பில் தலைப்பாகை கழன்றது. கல்யாணம் வெளிச்சமாக நடந்தது. மறுவாரம் ஆறு இலாகாக்களுக்கு ஆறு பேர் வந்தார்கள். திவானிடம் மிஞ்சியது குளம் குட்டை இலாகா.