எந்த பாட்டிலில் போட்டீர்கள்?

"நாலு மாசமா மருந்து குடுக்கிறேன் மேடம். கட்டி இம்மியும் குறையலை. இன்னும் என்னதான் குடுக்கிறது?"

கேட்டவர் திரவியம். பதினெட்டு வருஷம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சலும் கழிச்சலும் பார்த்துச் சலித்து, தலை நரைத்த பிறகு மேல்படிப்புக்கு வந்த டாக்டர்.

அவருக்குப் பாடம் சொல்ல வாய்த்தவர் நிஷா மேடம். குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்கிறவர். திரவியத்தைவிட ஏழு வயசு இளையவர். காலையிலிருந்து எண்பது பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, மூணு மணிக்குக் காய்ந்த இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார். பசியே செத்துப்போயிருந்தது.

"எந்தக் குழந்தை, சார்?"

"யாழ்மொழி. ரெண்டரை வயசு. தாடைக்குக் கீழே நெறிகட்டி. காசநோய்."

யாழ்மொழியின் அம்மா இசக்கி வெளியே பெஞ்சில் இருந்தாள். வலது கை விரல்களில் பல் தடம். தினமும் பிள்ளையை முழங்காலுக்கு நடுவில் இறுக்கி, வாயைப் பிளந்து, மாத்திரையைக் கரைத்து ஊற்றுகிறவள். பிள்ளை கக்கிவிடும். மறுபடி ஊற்றவேண்டும். இப்போதெல்லாம் அம்மாவைக் கண்டாலே அது கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்கிறது. கொடுமைதான், வேறென்ன சொல்ல?

"குழந்தைக்குக் காய்ச்சல்?" என்றார் மேடம்.

"இல்லை."

"எடை?"

"ஏறியிருக்கு."

"வீட்டில யாருக்காவது இருமல்?"

"எல்லாரையும் சோதிச்சாச்சு மேடம். யாருக்கும் இல்லை. குழந்தையோட நெஞ்சுப் படமும் சுத்தம்."

"வேற என்ன?"

"கட்டி மேல தோல் கருஞ்சிவப்பாயிடுச்சு. பரிசோதனைக்கு நான் வெட்டி எடுத்த இடம் ஆறவே இல்லை. கசிஞ்சுகிட்டே இருக்கு."

"அப்போ எதை வச்சுக் காசநோய்னு எழுதினீங்க?"

"அந்தத் துண்டைப் பார்த்துட்டு, காசநோய் மாதிரி இருக்குன்னு ரிப்போர்ட் வந்தது."

"மாதிரி."

திரவியம் கையிலிருந்த ரிப்போர்ட்டை மடித்தார்.

"கிருமியை வளர்த்துப் பார்த்தீங்களா?"

"இல்லை மேடம். துண்டு முழுக்க ஃபார்மலின்ல போயிடுச்சு."

ஃபார்மலின் சதையை அழுகாமல் வைக்கும். கூடவே கிருமியையும் கொன்றுவிடும். செத்த கிருமியை எங்கே வளர்க்கிறது, எப்படிப் பேர் கேட்கிறது? முதல் வருஷத்து மாணவனுக்குக்கூடத் தெரிந்த சங்கதி. ஆனால் ஆபரேஷன் தியேட்டரில் எதை வெட்டினாலும் அந்த பாட்டில்தான் முன்னால் வரும். கையும் தானாகப் போட்டுவிடும்.

"சிஸ்டர் அதைத்தான் நீட்டினாங்க" என்றார் திரவியம்.

"நீட்டினாங்க. போட்டது யாரு சார்?"

மேடம் மீதி இட்லியை மூடி வைத்தார்.

"மண்ணிலயும் தண்ணியிலயும் காசநோய்க் கிருமிக்குப் பங்காளிங்க இருக்கு. சின்னப் பிள்ளைங்க கழுத்தில வந்து உட்காரும். ஜாடை ஒண்ணு, குணம் வேற. காசநோய் மாத்திரைக்கு லேசுல அடங்காது. சிலது மாசக்கணக்கில தானா வத்தும். இது கசிய ஆரம்பிச்சிடுச்சு. முழுசா எடுத்துடலாம். புதன்கிழமை நீங்க கூட நில்லுங்க."

புதன்கிழமை ரெண்டு மணி நேரம் ஆனது. தாடையோரம் நூல் மாதிரி ஒரு நரம்பு ஓடுகிறது. அது அறுந்தால் பிள்ளை சிரிக்கும்போது உதடு ஒரு பக்கம் கோணும். மேடம் அதை அணு அணுவாக ஒதுக்கி, ஆறாத புண்ணோடு கட்டியையும் முழுசாக எடுத்தார்.

சிஸ்டர் வழக்கம்போல ஃபார்மலின் பாட்டிலை நீட்டினார். திரவியமும் வழக்கம்போலக் கை நீட்டி வாங்கினார்.

மேடம் அதில் போடவில்லை. கட்டியை இடுக்கியில் பிடித்தபடியே நின்றார்.

திரவியம் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். அட, இப்பவுமா?

"சிஸ்டர், வெறும் சலைன்ல ஒரு பாட்டில் குடுங்க" என்றார்.

மேடம் கட்டியை ரெண்டாக வெட்டி, ஒரு பாதியை ஃபார்மலினிலும், மறு பாதியைக் கிருமியைக் கொல்லாத அந்த உப்புநீர்ச் சலைனிலும் போட்டார்.

சலைனில் போன பாதியில் காசநோய்க் கிருமி இல்லை என்று ரெண்டு நாளில் மெஷின் சொன்னது. இருப்பது எது என்று தெரிய, கிருமி வளர்ந்து வரவேண்டும். அதற்கு ஆறு வாரமோ எட்டு வாரமோ ஆகும்.

"இன்னையோட மாத்திரையை நிறுத்திடுங்க" என்றார் மேடம்.

"அந்தம்மாகிட்ட என்னன்னு சொல்றது?"

"உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியாதே மேடம்!"

"அதைச் சொல்லுங்க."

பதினெட்டு வருஷத்தில் ஒரு நோயாளியிடமும் திரவியம் அப்படிச் சொன்னதில்லை. வார்டுக்குப் போகிற நாற்பது அடியையும் மெதுவாக நடந்தார்.

பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. இசக்கி எழுந்து நின்றாள்.

"இன்னும் எத்தன மாசம் சார் ஊத்தணும்?"

"இனிமே வேண்டாம்மா. காசநோய் இல்லைன்னு வந்திருக்கு. என்ன கிருமின்னு எனக்கு இன்னும் தெரியலை. அன்னிக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன்."

அவள் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தார். வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அப்போ நாலு மாசமா எம்புள்ளைய அமுக்கிப் புடிச்சேனே சார்?"

காசநோய் மாத்திரை எழுதிக் கொடுத்த சீட்டும், அதன் அடியில் தன் கையெழுத்தும் திரவியத்தின் கண்ணுக்குள் வந்தன.

"அது நீங்க இல்லம்மா" என்றார். "நான்."