பண்ணையார் போட்ட வாய்ப்பூட்டு

சென்னியப்பப் பண்ணையாருக்கு ஊரில் நிலமும் இருந்தது, உரக்கடையும் இருந்தது. அவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த மாராத்தாவோ கடைப்பக்கமே போவதில்லை. அறுவடைக்குப் பின் சோளத்தட்டையை எரிக்காமல் மண்மேல் மூடாக்காகப் பரப்புவாள். ஊடே தட்டைப்பயறு விதைப்பாள். மழை பொய்த்த அந்த வருஷம் அவளுடைய சோளக்காடு மட்டும் பச்சையாக நின்றது. ஊரார் போய்ப் பார்த்துக் கேட்கத் தொடங்கினார்கள். கடையில் உரமூட்டைகள் தேங்கின.

பண்ணையார் அவளைக் கூப்பிட்டார். "இனிமே வெள்ளாமையைப் பத்தி என்னைத் தவிர ஒருத்தர்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தா குத்தகை போயிரும்."

குத்தகை போனால் கஞ்சிக்கு வழியில்லை. "சரிங்க ஐயா" என்றாள் மாராத்தா.

மறுநாள் காலை கடைவாசலில் ஆட்கள் நின்றிருந்தபோது வந்து கும்பிட்டாள். "ஐயா, தட்டையை மூடாக்காப் போட்டதுல மண்ணுல ஈரம் நிக்குதுங்க. கையால கிளறினாலே மண்புழு நெளியுதுங்க." கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டது. அடுத்த நாள் வந்து பயறு விதைத்த விவரம் சொன்னாள். பிறகு கடைவாசலில் நிற்கவே இடமில்லை. மூட்டை வாங்கத்தான் ஆளில்லை.

பண்ணையாருக்குப் பொறுக்கவில்லை. "தினமும் வந்து ஏன் உசிரை வாங்கறே?"

"உங்ககிட்ட மட்டும்தானுங்களே பேசச் சொன்னீங்க?"

"எங்கிட்டப் பேசாதே தாயே! வேற யார்கிட்ட வேணாலும் போய்ப் பேசிக்கோ!"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

மாராத்தா கும்பிட்டுவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "ஐயாவே உத்தரவு குடுத்துட்டாருங்க. வாங்க, சோளக்காட்டுக்கே போயிரலாம். மண்ணைத் தொட்டே பாத்துக்கலாம்."