முள்ளம்பன்றி பின்வாங்கிய கதை

கருங்கால் மடுவில் தண்ணீர் வற்றிக்கொண்டே வந்தது. மடு தனக்கே வேண்டும் என்று சிறுத்தை கேட்டது. அதனிடம் பேசி மடுவைக் காக்க, புல்லும் கிழங்கும் தின்னும் விலங்குகளுக்கு ஒரு தலைவர் வேண்டும்.

காட்டுப்பன்றி, கடமான், முள்ளம்பன்றி மூவரும் போட்டியில் நின்றார்கள். யார் பின்னால் நீளமான வரிசையோ, அவரே தலைவர். மரங்கொத்தி மரத்தைத் தட்டிவிட்டால் யாரும் வரிசை மாறக் கூடாது.

"நான் வந்தால் பெரியவர்களுக்குத் தண்ணீர், சின்னதுகளுக்குச் சேறு" என்றது பன்றி. அதைக் கேட்டுப் பொறுக்காமல்தான் முள்ளம்பன்றி கூரன் போட்டிக்கே வந்தான்.

விடிந்தது. பன்றியின் வரிசைதான் நீளம். கடமானுடையது சற்றுக் குறைவு. கூரனின் பின்னால் முயல்களும் அணில்களும் அவன் குடும்பமும் மட்டுமே.

"செத்தாலும் பின்வாங்க மாட்டேன்!" என்றான் கூரன்.

"அப்படிச் சொல்லு! வீரன்னா நீதான்" என்று பன்றி பாராட்டியது. கூரனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அவன் மனைவி முள்ளி கேட்டாள்: "நீங்க நின்னா அவனுக்கு என்னங்க இவ்வளவு சந்தோஷம்?"

கூரன் மூன்று வரிசைகளையும் பார்த்தான். தன் வரிசை கடமானோடு சேர்ந்தால் பன்றி தோற்கும், தான் தனியே நிற்பதால்தான் அது ஜெயிக்கிறது என்று புரிந்தது.

"அதுக்காக நான் பின்வாங்கணுமா?"

"எதிரி வந்தா நம்ம இனம் எப்படிங்க குத்தும்?"

"திரும்பி நின்னு, பின்னால போய்..." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான்.

நேரே கடமானிடம் போனான். "என் ஆளுங்க உன் பின்னால வருவாங்க. கீழ்க்கரைத் தண்ணி சின்னதுகளுக்குன்னு இப்பவே எல்லார் காதிலும் விழச் சொல்லு."

கடமான் யோசித்தது. "தேர்தல் முடியட்டுமே."

"மரங்கொத்தி தட்டிட்டா என் வரிசை உனக்கும் உதவாது, எனக்கும் உதவாது."

மரங்கொத்தி தட்டுவதற்குக் கழுத்தை வளைத்தது. "கீழ்க்கரை சின்னவர்களுக்கே!" என்று கடமான் உரக்கச் சொன்னது.

கூரன் முட்களைச் சிலிர்த்துக்கொண்டு, வால் முன்னே போக, கடமானின் வரிசைக்குப் பின்வாங்கினான். மறிக்க வந்த பன்றி மூக்கில் முள் குத்தி ஒதுங்கியது. முயல்களும் அணில்களும் ஓடிவந்து சேர்ந்தன. டொக் டொக் என்று மரங்கொத்தி தட்டியது. கடமான் ஜெயித்தது.

கூரனுக்கு மனம் வலிக்கத்தான் செய்தது. ஆனால் மாலையில், கடமான் சிறுத்தையிடம் பேசி மடுவைக் காத்தபின், அவன் குட்டிகள் கீழ்க்கரையில் தெளிந்த தண்ணீர் குடித்தன.

ஜெயிக்க முடியாது என்று தெரிந்தபின், தன்னை நம்பியவர்களுக்கு ஏதாவது வாங்கித்தர முடிகிற நேரத்திலேயே விலகிக்கொள்வதுதான் உண்மையான உறுதி.